காதில் உறங்கிய மொழி

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்று நம் முன்னோர் கேட்டு வைத்தனர். வளையாது என்பதே அக்கேள்வியின் உட்கிடை. ஆனால், இளமையில் நன்றாக வளைந்து, பின்னர் கவனிப்பாரற்று இறுகிப்போன ஒன்று, அறுபதைக் கடந்தபின் மறுபடியும் வளையுமா என்பதை அவர்கள் கேட்கவில்லை. அக்கேள்விக்கு விடை காணவேண்டிய நிலைமை அண்மையில் எமக்கே நேர்ந்தது. அந்த அனுபவத்தை இவ்வாரம் வாசக நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

எமது வாலிபப் பருவத்துத் தோழர் ஒருவர் நெடுங்காலமாக இங்கிலாந்தில் வாழ்ந்து வருகின்றார். தொண்டையிற் கண்ட நோய்க்காக அவருக்குச் சத்திரசிகிச்சை நடைபெற்றது. உயிர் தப்பியது, குரல் தப்பவில்லை. மாதம் ஒரு முறையேனும் தொலைபேசியில் மணிக்கணக்காக உரையாடி வந்த எம்மிருவருக்கும் அதன் பின்னர் எழுத்து மாத்திரமே எஞ்சியது. செல்பேசியில் அவர் எழுதுவார். நாமும் பதில் எழுதுவோம். செய்தி வந்து சேர்ந்ததேயன்றி, ஆள் வந்ததாக எமக்குத் தோன்றவில்லை. ஒருநாள் அவரிடமிருந்து நான்கே வரிகள் வந்தன:

“தொலைபேசியில் எனக்குக் குரல் இல்லை. மோர்ஸில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் காது கொடுத்துக் காத்திருக்கிறேன். வருவாயா?”

இதனைப் படித்ததும் எமக்கு மகிழ்ச்சியைவிட அச்சமே மிகுதியாயிற்று. ஏனெனில், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நாம் மோர்ஸைத் தொட்டதில்லை.

அலுமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய மரப்பெட்டியை எடுத்துத் திறந்தோம். பித்தளையாலான சிறு கருவி ஒன்று பச்சை பூத்துக் கிடந்தது. விரலால் அழுத்தினாற் தாழும். விட்டால் வில்லின் விசையால் மேலெழும். அருகில் நின்ற பேரன், “அம்மப்பா, இது என்ன? கதவுக் கொண்டியோ?” என்று கேட்டான். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்? அது மோர்ஸ் கீ என்றும், ஒரு காலத்தில் உலகத்தின் செய்தி முழுவதும் இத்தகைய கட்டைகளின் வழியாகவே ஓடிற்று என்றும் அவனை இருத்திச் சொன்னோம்.

சாமுவேல் மோர்ஸ் என்பவர் தொழிலால் ஓவியர். 1825ஆம் ஆண்டில் அவர் வாஷிங்டன் நகரத்தில் தங்கி ஓவியம் தீட்டிக்கொண்டிருந்த வேளையில், அவருடைய மனைவி ஊரில் இறந்துபோனார். கடிதம் குதிரை வண்டியில் வந்து, அவர் வீடு திரும்புமுன் அடக்கமே முடிந்துவிட்டது. செய்தி காலந்தாழ்த்தி வருவதன் கொடுமையை அம்மனிதர் அறிந்திருந்தார். அவரும் அவருடைய துணைவர் அல்பிரட் வெயிலும் முயன்று, 1844 மே 24ஆந் திகதி வாஷிங்டனுக்கும் பால்ட்டிமோருக்கும் இடையே தந்தி அனுப்பிக் காட்டினர். 1848இல் ஜெர்மனியரான கேர்க்கே என்பவர் அக்குறியீட்டைத் திருத்தியமைத்தார். அதனைத் தழுவிய முறையே 1865இல் பாரிஸ் மாநாட்டில் சர்வதேச முறையாயிற்று. நம் நாட்டிலோ 1858ஆம் ஆண்டிலேயே கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்திக் கம்பி ஓடத் தொடங்கிவிட்டது.

குறியீடு மிக எளிது. ஒரு புள்ளி ஓர் அளவு ஒலிக்கும். ஒரு கோடு மூன்றளவு ஒலிக்கும். ஓர் எழுத்துக்குள் வரும் ஒலிகளிடையே ஓரளவு மௌனம்; எழுத்துக்களிடையே மூன்றளவு; சொற்களிடையே ஏழளவு. ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் ‘ஈ’ என்னும் எழுத்துக்கு ஒரே புள்ளி. ‘ரி’ என்பதற்கு ஒரே கோடு. இவ்வளவுதான்.

பின்னர் கம்பியின்றி வானலைகள் வந்தன. பொழுதுபோக்காகத் தம் வீட்டிலிருந்தே வானலையில் உலகத்தோடு தொடர்புகொள்வோர் தோன்றினர். இவர்களையே அமெச்சூர் வானொலியாளர் என்கின்றோம். அரசாங்கத்தின் பரீட்சையிற் சித்தியடைந்து, உரிமமும் தமக்கென ஓர் அழைப்புக்குறியும் பெற்றவர்கள் இவர்கள். 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடற்கோள் வந்து தந்தித் தூண்களையும் தொலைபேசிக் கோபுரங்களையும் ஒருங்கே சாய்த்தபோது, அந்தமானின் போர்ட் பிளேயரிலிருந்து பாரதி பிரசாத் என்னும் பெண்மணி தம் அமெச்சூர் நிலையத்தின் வழியாக வெளியுலகோடு தொடர்பு காத்ததை நேயர்களிற் சிலர் அறிந்திருப்பர்.

நாமும் தோழரும் இருபது வயதில் அவ்வுரிமத்தைப் பெற்றோம். அக்காலத்தில் மோர்ஸ் தெரியாதவருக்குச் சிற்றலையில் ஒலிபரப்பும் உரிமை கிடையாது. தந்திக் கந்தோரிலிருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவரே எமக்கு ஆசான். ‘கே’ என்னும் எழுத்து, கோடு-புள்ளி-கோடு என ஒலிப்பது. “இனி நீர் பேசலாம்” என்று எதிரிலிருப்பவருக்கு இடங்கொடுக்கும் குறியும் அதுவே. தோழர் அதன் கடைசிக் கோட்டை எப்போதும் சற்று நீட்டிவிடுவார். “தம்பி, கடைசியை இழுக்காதை, இது கச்சேரி இல்லை” என்று ஆசான் எத்தனையோ முறை கண்டித்தும் அப்பழக்கம் போகவில்லை.

பின்னர் உத்தியோகம் வந்தது, கல்யாணம் வந்தது, பிள்ளைகள் வந்தனர். நாட்டு நிலைமையால், ஒலிபரப்புக் கருவியை வீட்டில் வைத்திருக்கவே அஞ்சிய ஆண்டுகளும் வந்தன. கருவியை அகற்றினோம். கீயை மாத்திரம் அகற்ற மனம் வரவில்லை.

நாம் உறங்கிய காலத்தில் உலகமும் மோர்ஸைக் கைவிட்டுக்கொண்டிருந்தது. 1999 பெப்ரவரி 1ஆந் திகதி முதல் கப்பல்களின் அபாய அழைப்புக்குச் செய்மதியை உள்ளடக்கிய புதிய முறை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 2003இல் ஜெனீவா மாநாட்டில், அமெச்சூர்களுக்கு மோர்ஸ் பரீட்சை கட்டாயம் என்னும் சர்வதேச விதி நீக்கப்பட்டது. 2007இல் அமெரிக்காவும் அப்பரீட்சையை முற்றாகக் கைவிட்டது. ஆயினும் கட்டாயம் நீங்கிய பின்னரும் விரும்பிக் கற்போர் குறைந்தாரில்லை. ஜெர்மனி 2014இல் மோர்ஸ் தந்தியைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலிற் சேர்த்தது. அமெரிக்காவின் வணிகக் கப்பல் தந்தி 1999 ஜூலை 12ஆந் திகதி ஓய்ந்தது. அதனை நினைந்து ஆண்டுதோறும் அந்நாளில் கலிபோர்னியாக் கரையிலுள்ள பழைய நிலையம் ஒன்றை ஆர்வலர்கள் மீண்டும் ஒலிக்கச் செய்கின்றனர்.

இனி எமது கதைக்கு வருவோம். உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டு, கருவி ஒன்றைத் தேடிப் பெற்று, வளவிலுள்ள இரு தென்னைகளுக்கிடையே 33 அடிக் கம்பியைக் கட்டினோம். முதல் நாளிரவு 14 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையைத் திறந்ததும் அறை முழுவதும் மோர்ஸ் நிறைந்தது. மனம் துள்ளிற்று. காகிதமும் பென்சிலுமாகக் கதிரையில் அமர்ந்தோம். பத்து நிமிடங்களின் பின்னர் காகிதத்தில் இருந்தவை நான்கு எழுத்துக்கள். அவற்றுள்ளும் இரண்டு ஐயத்துக்குரியவை!

எழுத்துக்கள் எமக்கு மறந்துபோகவில்லை. ‘எல்’ என்றால் புள்ளி-கோடு-புள்ளி-புள்ளி என்று உறக்கத்திலும் சொல்வோம். பின் ஏன் பிடிபடவில்லை? கணக்கைப் பார்த்தால் விளங்கும். நிமிடத்துக்கு 20 சொற்கள் என்னும் சாதாரண வேகத்தில் ஒரு புள்ளி ஒலிப்பது ஒரு வினாடியின் 1000 பங்கில் 60 பங்கு. கண் ஒருமுறை இமைக்கும் பொழுதிலும் குறைவு. காதில் விழுந்ததை மனக்கண்ணில் புள்ளியும் கோடுமாக எழுதி, பின் அப்படத்தை எழுத்தாக மாற்றுவதற்குள் அடுத்த மூன்றெழுத்துக்கள் ஓடிவிடுகின்றன. எமக்கு எஞ்சியிருந்தது கண்ணின் ஞாபகம்; வேண்டியிருந்ததோ காதின் ஞாபகம்.

இதனைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எளிதில் விளக்கலாம். எழுத்தொலியின் மாத்திரையைக் கண்ணிமைப் பொழுதாலும் கைந்நொடிப் பொழுதாலும் அளந்து சொன்னது தொல்காப்பியம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. ஆனால் ‘அம்மா’ என்று தாயை அழைக்கும் குழந்தை ஒன்று, அரை, இரண்டு என்று மாத்திரை எண்ணியா அழைக்கின்றது? அது ஒலியை ஒலியாகவே அறியும். இலக்கணம் பின்னர் வருவது. மோர்ஸும் அத்தகையதே. ‘கியூ’ என்னும் எழுத்து இரு கோடுகளும் ஒரு புள்ளியும் மீண்டும் ஒரு கோடும் அன்று. ‘டா டா டி டா’ என்னும் ஒரே சந்தம்.

இவ்வுண்மையைத் தெளிந்து முறை வகுத்தோர் உளர். 1930களில் லுட்விக் கொக் என்னும் ஜெர்மன் உளவியலாளர் ஒரு முறையை ஆராய்ந்தார். முதலில் இரண்டே எழுத்துக்களை முழு வேகத்திற் கேட்கவேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக வந்த பின்னரே மூன்றாவது எழுத்தைச் சேர்க்கவேண்டும். பார்ன்ஸ்வேர்த் என்னும் அமெரிக்கரின் பெயரால் வழங்கும் முறையோ, எழுத்துக்களை விரைவாக ஒலித்து இடைவெளியை மாத்திரம் நீட்டித் தருவது. இரண்டின் நோக்கமும் ஒன்றே: எண்ணுவதற்கு இடங்கொடாமை. இன்று இவற்றுக்கெல்லாம் கணினியே ஆசானாகிவிட்டது.

காலைத் தேநீரின் பின்னர் 15 நிமிடமும், இரவு உணவின் பின்னர் 15 நிமிடமும் பயிற்சிக்கென வகுத்துக்கொண்டோம். பேரனும் அருகில் வந்தமர்ந்தான். அவனுக்குப் புள்ளி கோட்டு அட்டவணையை நாம் காட்டவேயில்லை. மூன்றாம் வாரத்தில் அவன் எம்மை முந்திவிட்டான். “அம்மப்பா, நீங்கள் யோசிக்கிறியள். யோசிக்காதேங்கோ, கேளுங்கோ” என்று எமக்கே உபதேசமும் செய்தான். எம் ஆசான் சொல்லியிருக்கக்கூடிய அறிவுரை அது.

ஆயினும் முதியவருக்கும் ஒரு வரம் உண்டு. ஹேர்மன் எபிங்ஹவுஸ் என்னும் ஜெர்மன் அறிஞர் 1885இல் ஞாபகத்தைப் பற்றித் தாம் செய்த பரிசோதனைகளை நூலாக வெளியிட்டார். முற்றாக மறந்ததாகத் தோன்றும் பாடத்தைக்கூட இரண்டாம் முறை கற்கும்போது முதல்முறையிலும் குறைந்த முயற்சியே போதும் என்று அவர் கண்டார். அந்த மிச்சமே பழைய உழைப்பின் வட்டி. இளமையில் மாதக்கணக்கில் கற்ற எழுத்துக்கள் எமக்குப் பத்தே நாட்களில் மெதுவான வேகத்தில் மீண்டன.

அதன்பின் வந்தது சோதனை. நிமிடத்துக்கு 10 சொற்கள் என்னும் படியில் ஏறி நின்ற நாம், ஆறு வாரம் அப்படியை விட்டு அசையவில்லை. சலிப்பு மேலிட்டது. கீயைத் திரும்பவும் பெட்டியில் வைத்துவிடலாமோ என்று எண்ணிய இரவுகளும் உண்டு. அப்போது எமக்குத் துணைநின்றது ஒரு பழைய ஆராய்ச்சி. பிரையன், ஹார்ட்டர் என்னும் இரு அமெரிக்கர் 1897இல் தந்தி பயில்வோரை ஆராய்ந்து, செய்தி கேட்கும் திறமை ஓரளவு வளர்ந்தபின் பல வாரங்கள் மேட்டுநிலம் போலச் சமமாகவே நிற்கும் என்றும், பின்னர் திடீரென மேலெழும் என்றும் காட்டினர். அந்த நாட்கள் வீணாகக் கழிவதில்லை. எழுத்துக்களைக் கேட்கும் பழக்கம் தானாக இயங்கும் வரை முதிர்ந்தபின், காது சொற்களைக் கேட்கத் தொடங்குகின்றது. பரீட்சைக்குப் படித்துப் படித்தும் முன்னேற்றம் காணவில்லையே என்று கலங்கும் மாணாக்கர் இதனை மனத்திற் கொள்வாராக.

இன்னொரு பாடமும் கற்றோம். ஓர் எழுத்து தவறினால் அது யாதென்று எண்ணி நின்றுவிடுவோம். அதற்குள் அடுத்த நான்கும் தவறிவிடும். தவறியதைத் தவறியதாகவே விட்டு, காகிதத்தில் ஒரு கீறு இட்டு, வருவதைக் கேட்கப் பழகவேண்டும். இஃது எமக்கு மோர்ஸைக் காட்டிலும் கடினமாக இருந்தது. முதுமையில் கேள்வித்திறன் குன்றியோருக்கும் வழி உண்டு. ஒலியின் சுருதியைத் தாழ்த்தி வைத்துக்கொண்டால் காது இலகுவிற் பிடித்துக்கொள்ளும்.

கையோ அவ்வளவு துன்பம் தரவில்லை. மிதிவண்டி ஓட்டக் கற்ற கால் போல, கீயைத் தொட்டதும் மணிக்கட்டுத் தானே அசைந்தது. பழைய தந்தி உத்தியோகத்தருட் சிலருக்கு விரலை இறுக்கி அடித்து அடித்தே கை மரத்துப்போவதுண்டாம். ஆதலால் முன்கையை மேசைமீது தளர்த்தி வைத்து, மென்மையாக அடிக்கப் பழகினோம்.

மூன்றாம் மாதம் ஓரிரவு, ஆபத்தான காரியம் செய்பவர் போல நெஞ்சு படபடக்க, யாரேனும் உளரோ என்னும் பொது அழைப்பாகிய ‘சி.கியூ.’வை அனுப்பி, 4எஸ் எனத் தொடங்கும் எமது அழைப்புக்குறியையும் தட்டினோம். மறுகணமே ஜப்பானிலிருந்து ஒருவர் மழை பொழிந்தாற்போல விடையளித்தார். ஒன்றும் விளங்கவில்லை. வெட்கத்தை விட்டு ‘கியூ.ஆர்.எஸ்.’ என்று அனுப்பினோம். “மெதுவாக அனுப்புக” என்பது அதன் பொருள். அவர் உடனே நின்றார். பின்னர், முதியவரின் கைபற்றிப் படி இறக்குபவர் போல, ஒவ்வோர் எழுத்தாக, தம் பெயரையும் ஊரையும் இரண்டிரண்டு முறை அனுப்பினார். விரைவாக வல்லவர் மெதுவாக வருபவரின் வேகத்துக்கு இறங்கவேண்டும் என்பது இத்துறையில் தொன்றுதொட்டு வரும் மரியாதை. முகமறியா மனிதர் ஒருவர் எமக்காகத் தம் வேகத்தை விட்டுக்கொடுத்தார். இறுதியில் நல்வாழ்த்தைக் குறிக்கும் ‘73’ என்னும் எண்ணை இருவரும் மாற்றிக்கொண்டோம். பேரன் கைதட்டினான்.

அடுத்த ஞாயிறு, எமது நேரம் இரவு 9.30, கிரீன்விச் நேரம் மாலை 4 மணி. குறித்த இடத்தில் காத்திருந்தோம். இரைச்சலின் அடியிலிருந்து மெல்லிய ஒலி ஒன்று எழுந்தது. இத்தகைய மெல்லொலியும் வந்து சேர்வதே மோர்ஸின் சிறப்பு. பேச்சொலி அலைவரிசையில் ஏறத்தாழ 2,500 ஹேர்ட்ஸ் அகலத்தை அடைத்துக்கொள்ளும். மோர்ஸோ சில நூறு ஹேர்ட்ஸிலேயே அடங்கும். ஆகவே பேச்சு மூழ்கிப்போகும் இரைச்சலிலும் அது தலைநீட்டி நிற்கும்.

எமது அழைப்புக்குறி ஒலித்தது. நாம் கேளாமலே மெதுவாக அனுப்பினார். அடுத்து வந்தவை ஆங்கில எழுத்துக்கள் ஆறு: எஸ், யூ, கே, ஏ, எம், ஏ. அவற்றை நாம் எழுத்துக்களாகக் கேட்கவில்லை. “சுகமா?” என்று ஒருவர் கேட்டது எம் காதில் விழுந்தது. நடுவில் வந்த ‘கே’யின் கடைசிக் கோடு சற்று நீண்டிருந்தது. ஆசான் கண்டித்தும் போகாத அதே நீட்டம்! கையெழுத்து ஆளுக்காள் வேறுபடுவது போல, மோர்ஸ் அடிக்கும் கையின் ஓசையும் வேறுபடும். சத்திரசிகிச்சையால் அந்தக் குரலைத் தொட முடியவில்லை.

பென்சிலை வைத்துவிட்டோம். விடை அனுப்பச் சற்று நேரம் பிடித்தது. விரல் நடுங்கியமைக்கு முதுமை மாத்திரம் காரணமன்று. பல பிழைகளோடு “சுகம், நீ?” என்று அடித்தோம். அன்று நாற்பது நிமிடம் உரையாடினோம். அதன் பின்னர் அலை கெட்ட நாட்களைத் தவிர ஒரு ஞாயிறும் தவறவில்லை.

நேயர்களே, உங்கள் வீட்டு அலுமாரிகளிலும் இத்தகைய பெட்டிகள் இருக்கும். விட்டுப்போன வயலினாகவோ, பாதியில் நின்ற சிங்களமாகவோ, தாயாரிடம் கற்ற பின்னலாகவோ அஃது இருக்கலாம். மறந்துபோயிற்று என்று அதனைக் கைவிடவேண்டாம். திறந்து பாருங்கள். முதல் நாள் நான்கெழுத்துத்தான் வரும். “மெதுவாக” என்று கேட்க வெட்கப்படாதீர்கள். வேறொருவர் உங்களிடம் அவ்வாறு கேட்டால், நீங்களும் சற்று இறங்கி வாருங்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மணி ஒன்பதாகின்றது. பேரன் இப்போதே கதிரையை இழுத்துப் போட்டுவிட்டான். எம்மை விடைகொடுத்து அனுப்புங்கள்.